பவர் சப்ளை பழுதா? மாற்றுவதற்கு முன் அளந்து அறியும் முறை

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு மேசைக் கணினியைப் பேருந்தில் ஏற்றிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுவருவது இலேசான காரியமன்று. பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரும் தாய் அன்றைய கூலியை இழந்துதான் வருகிறார். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை, கணினி திரும்பும்வரை பாடவேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. அப்படி வந்த கணினி இயங்கவில்லை என்றவுடன், பவர் சப்ளை போய்விட்டது என்று சொல்லிப் புதியதொன்றைப் பூட்டி அனுப்புவது மிகச் சுலபம். நானும் இத்தொழிலின் தொடக்கத்தில் அப்படிச் செய்ததுண்டு. மூன்று கிழமைகளில் அதே கணினி அதே குறையோடு திரும்பி வந்தபோது, பழுது என்று நான் கழற்றிப் போட்டிருந்த பவர் சப்ளையைத் தேடி எடுத்து அளந்து பார்த்தேன். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை.

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த அழுத்தங்களாக மாற்றித் தருகிற, பாடநூல்கள் வலு வழங்கி என்று எழுதுகிற, கடைகளில் எல்லோரும் பவர் சப்ளை என்று கேட்கிற அந்த உலோகப் பெட்டியைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மின்னழுத்தத்தை அளக்கும் சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர், ஒரு திருப்புளி, நிமிர்த்திய பேப்பர் கிளிப், மோட்டார் சைக்கிளின் பின்விளக்கில் போடும் 12 வோல்ற்று பிறேக் பல்ப் ஆகிய நான்கும் இருந்தால், பெரும்பாலான சந்தேகங்களை வீட்டு மேசையிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

ஓர் எல்லையை மட்டும் எவரும் தாண்டக் கூடாது. பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்), 230 வோல்ற்று ஆடலோட்டம் (ஏ.சி.) நேரோட்டமாக (டி.சி.) மாற்றப்பட்ட பின் ஏறக்குறைய 325 வோல்ற்றைச் சேமித்து வைத்திருக்கும். புதிய வகைகள் சிலவற்றில் அது 380 வோல்ற்று வரை செல்லும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அந்த மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கலாம், அது கையைச் சுடுவதோடு நிற்பதன்று. கீழே சொல்லப்படும் பவர் சப்ளைச் சோதனைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்கு வெளியே, அதிலிருந்து வரும் வயர்களில் செய்யப்படுபவை.

சுவரிலிருந்து தொடங்குக

வன்னியில் இந்தச் சோதனையைக் கணினியில் அல்லாமல் சுவரில் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகளாகத் தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த இப்பகுதியின் பல ஊர்களுக்கு 2009க்குப் பின்னரே மின்சாரம் வந்து சேர்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. வீடுகள் ஒன்றுக்கொன்று தூரமாக, வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே அமைந்திருப்பதால், மின்மாற்றியிலிருந்து வீடுவரை வரும் கம்பியின் நீளம் பட்டினங்களைவிட இங்கே கூடுதலாக இருக்கும். நீளம் கூடக் கூட அழுத்த வீழ்ச்சியும் கூடும், அதே கம்பியின் முடிவில் நீரிறைக்கும் மோட்டர் ஒன்றும் பூட்டப்பட்டிருந்தால் வீழ்ச்சி இன்னும் பெரிதாகும்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 6 சதவீதம் என்பதால், சொக்கற்றில் 216 முதல் 244 வோல்ற்று வரை இருப்பது சரியான அளவு. மல்ரிமீற்றரை ஆடலோட்டத்தின் 600 அல்லது 750 வோல்ற்று நிலையில் வைத்து, காலையிலும் மாலை ஏழு மணியளவிலும் அளந்து ஒப்பிட வேண்டும். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்த ஓர் அளவீட்டை எலக்ரீசியனிடம் விட்டுவிடுவது நல்லது. அவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை வேறொன்று உண்டு. பழைய இழை பல்ப் பூட்டிய மேசை விளக்கைக் கணினியின் சொக்கற்றிலேயே செருகி எரியவிட்டு, கிணற்று மோட்டரை ஒருவர் போடும்போது வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கலாம். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது, ஏனெனில் அழுத்தம் வெகுவாக இறங்கினாலும் அது ஒரே அளவாக எரிந்து உண்மையை மறைத்துவிடும்.

துணுக்காய்ப் பக்கமிருந்து வந்த கணினி ஒன்று இதை எனக்கு நன்றாகக் கற்பித்தது. மாலை ஐந்து மணிக்குப் பின் அது அடிக்கடி தானாகவே நின்று மீண்டும் தொடங்கும் என்றும், காலையில் ஒருபோதும் அப்படி நடப்பதில்லை என்றும் அந்த வீட்டுப் பிள்ளை சொன்னார். என் மேசையில் அது இரண்டு நாள் இடைவிடாது ஓடியது. வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, மாலையில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் கணினியும் ஒரே மெல்லிய வயரில் பூட்டப்பட்டிருந்தன, சொக்கற்றின் உள்ளே ஒரு திருகாணியும் தளர்ந்து கருகியிருந்தது. எந்த நேரத்தில், எதைப் போடும்போது கணினி நிற்கிறது என்ற கேள்வியை நான் இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். அரிசி ஆலைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ அருகில் வீடு இருந்தால் அதையும் கேட்க வேண்டும்.

பிளக்கினுள் இருக்கும் பியூஸ், சுவரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் வயர், பெட்டியின் பின்புறத்துச் சிறிய சுவிச் ஆகிய மூன்றையும் மாற்றியும் தட்டியும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்தச் சுவிச்சுக்கு அருகே 115 என்றும் 230 என்றும் எழுதப்பட்ட சிவப்புத் தெரிவு ஒன்று சில பழைய பெட்டிகளில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பாவித்த நிலையில் வந்த கணினி என்றால் பிளக்கைச் செருகுவதற்கு முன் இதைப் பார்த்தேயாக வேண்டும். 115இல் இருக்கும்போது நம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கொள்ளளவிகளின்மேல் வழக்கமாக இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் ஏறி, வெடிச் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரல் நுனி கூசுகிறது என்று சொல்லிப் பவர் சப்ளையைக் குறைகூறுவோர் பலர். பவர் சப்ளையின் வாயிலில், இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் செல்லும் இரண்டு சிறிய கொள்ளளவிகள் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன. ஏர்த் இணைப்புச் சரியாக இருந்தால் அவற்றினூடாக வரும் மிகச் சிறிய ஓட்டம் மண்ணுக்குப் போய்விடும். ஏர்த் இல்லாதபோது உடல், வழங்கலின் ஏறக்குறைய அரைவாசி அழுத்தத்தில் நிற்கும், அதுதான் கூசுகிறது. இரண்டு முள் அடப்டரில் கணினியைச் செருகும் வீடுகளில் இது எப்போதும் நடக்கும். அங்கே மாற்றவேண்டியது பவர் சப்ளையை அன்று. ஏர்த் கம்பியைப் போட வேண்டும். ஆனால் பிளக்கைச் செருகியவுடன், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டின் றிப் சுவிச் விழுந்தால், அது வேறு விடயம். வேறு சாதனங்கள் அதே சொக்கற்றில் அதை விழுத்தாமல் இந்தக் கணினி மட்டும் விழுத்துமானால், பவர் சப்ளைக்குள் மின்கசிவோ குறுஞ்சுற்றோ (ஷோர்ட்) உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

குறை சொல்லும் விதம்

பவர் சப்ளையின் பழுது ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. பொத்தானை அழுத்தியும் எந்த உயிர்ப்பும் இல்லாமை, விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுதல், பல தடவை அழுத்திய பின்னரே தொடங்குதல், விளையாட்டோ காணொளித் தொகுப்போ ஓடும்போது திடீரென நின்றுபோதல், எரிந்த மீனைப் போன்ற ஒரு வாடை ஆகியவை எனக்கு அடிக்கடி வருபவை. இவற்றுள் பல தடவை அழுத்திய பின் தொடங்கும் குறையைச் சற்று விளக்க வேண்டும். கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையின் ஒரு சிறு பகுதி இரவும் பகலும் 5 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பொத்தான் அழுத்தப்படுவதை, பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் பெரிய பலகையான மதர்போட் உணர்வது அந்த 5 வோல்ற்றினால்தான். ஓய்வின்றி வேலை செய்வதால் அப்பகுதியின் கொள்ளளவிகள் பெரும்பாலும் முதலில் உலர்ந்துபோகின்றன. வெப்பம் 10 பாகை கூடினால் இத்தகைய கொள்ளளவியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையின் பொதுவான கணக்கு. தகரக் கூரையின் கீழ், வைகாசி வெயிலில் ஓடும் கணினிக்கு அந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மின்னலும் பெரும்பாலும் இதே பகுதியைத்தான் முதலில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் இடிமழைக்கு அடுத்த நாட்களில் வரும் கணினிகளில் பவர் சப்ளை மட்டும் போயிருந்தால் அது நல்ல காலம். இணையக் கம்பி வழியாக வந்த அடி மதர்போட்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கலாம் என்பதை உரியவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சில நிமிடம் ஓடி, நின்று, ஆறிய பின் மீண்டும் ஓடும் கணினியில் முதற் சந்தேகம் புரொசஸரின் வெப்பமே. விசிறியில் செம்மண் தூசி அடைத்திருந்தாலோ வெப்பப் பசை காய்ந்திருந்தாலோ இப்படித்தான் நிற்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்ற பதிவைக் கண்டு பவர் சப்ளையைத் தண்டித்தவர்களும் உண்டு. அந்தப் பதிவு, கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது. மின்சாரம் போனாலும், வெப்பத்தால் நின்றாலும், பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தாலும் அதே 41தான் எழுதப்படும்.

மல்ரிமீற்றர் பேசட்டும்

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போட்டில் செருகியிருக்கும் 24 முனைப் பெரிய இணைப்பைக் கண்டுகொள்ள வேண்டும். மிகப் பழைய கணினிகளில் அது 20 முனையாக இருக்கும். வயர்களின் நிறங்கள் ஒரு பொது ஒழுங்கில் அமைந்தவை: கறுப்பு பொதுமுனை, மஞ்சள் 12 வோல்ற்று, சிவப்பு 5 வோல்ற்று, செம்மஞ்சள் 3.3 வோல்ற்று, ஊதா எப்போதும் இருக்கும் 5 வோல்ற்று, பச்சை பவர் சப்ளையைத் தொடங்கச் சொல்லும் கட்டளை, சாம்பல் எல்லாம் சரி என்ற அறிவிப்பு, நீலம் மறை (மைனஸ்) 12 வோல்ற்று. அண்மைய பெட்டிகளில் எல்லா வயர்களும் கறுப்பாகவே வருகின்றன. அங்கே பிடிப்புக் கொளுக்கி உள்ள பக்கத்து வரிசையில் 12 முனைகளுள் நான்காவதுதான் பச்சைக்குரியது. எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதில் குழப்பம் வரும் ஆதலால், உரிய வரைபடத்தோடு ஒப்பிடாமல் ஊகத்தில் எதையும் தொடக் கூடாது.

இணைப்பைக் கழற்றாமல், வயர்கள் உள்ளே செல்லும் பின்புறத்தால் மீற்றரின் சிவப்புக் கூரை மெதுவாக நுழைத்து அளக்க வேண்டும். கறுப்புக் கூர் ஏதேனும் ஒரு கறுப்பு வயரில் இருக்கட்டும். மீற்றர் நேரோட்ட 20 வோல்ற்று நிலையில் இருக்க வேண்டும். கூர் வழுக்கி இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டால் நல்ல மதர்போட்டும் போய்விடக்கூடும் என்பதால், மேசை விளக்கை அருகே வைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

கணினியைத் தொடக்காமல், பிளக்கை மட்டும் செருகி, முதலில் ஊதாவை அளக்கவும். 4.75 முதல் 5.25 வோல்ற்று வரை இருந்தால் சரி. அங்கே ஒன்றும் இல்லையென்றால், 24 முனை இணைப்பையும் புரொசஸருக்கு அருகே செருகியிருக்கும் நான்கு அல்லது எட்டு முனை இணைப்பையும் மதர்போட்டிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். கழற்றிய பின்னரும் இல்லாவிட்டால் பவர் சப்ளை இறந்துவிட்டது, மேலும் சோதிக்க எதுவுமில்லை. கழற்றியவுடன் 5 வோல்ற்று வந்துவிட்டால், அதை இழுத்து வீழ்த்துவது மதர்போட்டிலோ அதில் செருகிய ஏதோ ஒன்றிலோ உள்ள குறுஞ்சுற்று. முன்பக்க யூ.எஸ்.பி. துளையில் நசுங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முனைகளை இந்த இடத்தில் நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

அடுத்தது பச்சை. கணினி நின்றிருக்கும்போது இதில் மூன்று முதல் ஐந்து வோல்ற்று வரை காணப்படும். மீற்றரைப் பார்த்தபடி முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் அது ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், தொடங்கு என்ற கட்டளையே பவர் சப்ளைக்கு வந்து சேரவில்லை என்று பொருள். பொத்தானோ அதன் மெல்லிய வயரோ மதர்போட்டோதான் பழுது, பவர் சப்ளையின்மேல் பழி இல்லை. மதர்போட்டில் பொத்தானின் வயர் செருகும் இரு முனைகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், பொத்தானின் குறையை உடனே பிரித்தறியலாம். பச்சை சுழியத்துக்கு இறங்கியும் பவர் சப்ளை எழும்பாவிட்டால், பவர் சப்ளை பழுது, அல்லது எழும்ப முயன்று எங்கோ ஒரு குறுஞ்சுற்றைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. பவர் சப்ளையைக் குற்றஞ்சாட்டுவதற்கு ஊதாவும் பச்சையும் தரும் இந்த இரண்டு விடைகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கணினி எழும்பினால் மற்ற நிறங்களையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளத்தக்க ஏற்ற இறக்கம் 5 சதவீதம். ஆகவே மஞ்சளில் 11.40 முதல் 12.60 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், செம்மஞ்சளில் 3.14 முதல் 3.46 வரையும் இருக்கலாம். நீலத்தில் 10 சதவீதம் வரை விலகல் அனுமதிக்கப்படும், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சாம்பல் வயரில், கணினி தொடங்கி அரைச் செக்கனுக்குள் ஏறக்குறைய 5 வோல்ற்று வந்து நிலைக்க வேண்டும். விசிறிகள் எல்லாம் ஓடியும் திரை இருளாகவே இருந்து, சாம்பல் வயரும் சுழியத்திலேயே நின்றால், தன் வெளியீடு சரியில்லை என்று பவர் சப்ளையே ஒப்புக்கொள்கிறது என்று கொள்ளலாம்.

அளவுகள் எல்லைக்குள் இருப்பது முழு நற்சான்றிதழ் ஆகாது. கொள்ளளவி உலர்ந்த பவர் சப்ளையின் வெளியீட்டில் மிக வேகமான அலைவு ஏறியிருக்கும், மீற்றர் சராசரியை மட்டுமே காட்டுவதால் அது தெரியாது. அதனால்தான் சுமை கொடுத்துப் பார்க்கும் அடுத்த சோதனை தேவைப்படுகிறது.

பேப்பர் கிளிப்பும் பிறேக் பல்பும்

பவர் சப்ளையின் எல்லா இணைப்புகளையும் கணினியிலிருந்து கழற்றி, பிளக்கையும் கழற்றிய நிலையில், நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் பச்சையையும் அதன் பக்கத்துக் கறுப்பையும் இணைத்துவிட்டுப் பின்னர் பிளக்கைச் செருகினால், நல்ல பவர் சப்ளையின் விசிறி சுழலத் தொடங்கும். விசிறி சுழல்வதைக் கண்டதும் பவர் சப்ளை நல்லது என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. விசிறிக்கு வேண்டியது மிகச் சிறிய ஓட்டம். ஒரு குவளை தண்ணீரைத் தூக்கியவன் நெல் மூட்டையையும் தூக்குவான் என்று சொல்வது போன்றது அது.

ஆகவே பழைய ஹாட் டிஸ்க் இணைப்பின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ற்று, 21 வாற்று பிறேக் பல்ப் ஒன்றைப் பூட்டி எரியவிட வேண்டும். அது ஏறக்குறைய 1.75 அம்பியர் எடுக்கும். இரண்டு பல்புகளைச் சமாந்தரமாகப் பூட்டினால் 3.5 அம்பியர், சாதாரண அலுவலகக் கணினி ஒன்று எடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். பல்ப் எரியும்போது மஞ்சளையும் சிவப்பையும் அளந்து, பல்ப் இல்லாதபோது இருந்த அளவோடு ஒப்பிட்டு, இருபது நிமிடம் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். 12.1 இருந்தது 11.9 ஆவது இயல்பு. 11.2க்கு இறங்கினாலோ, பல்பின் வெளிச்சம் துடித்தாலோ, பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றுபோனாலோ பவர் சப்ளையை மாற்ற வேண்டியதுதான். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு என்பதால் போட்ட கணத்தில் பல்ப் பல மடங்கு ஓட்டத்தை இழுக்கும், நல்ல பவர் சப்ளை ஒன்றும் சில வேளை அதைக் குறுஞ்சுற்று என்று எண்ணி நின்றுவிடலாம். அப்போது 10 வாற்று சிக்னல் பல்பில் தொடங்கிப் பார்க்கவும். எல்.ஈ.டி. வகைப் பல்ப் சுமையாகாது. எரியும் பல்ப் கடுமையாகச் சுடும், மேசைத் துணியின்மேல் விட வேண்டாம்.

பாவித்த டெல், எச்.பி., லெனோவோ அலுவலகக் கணினிகள் பலவற்றில் 24 முனை இணைப்பே இருப்பதில்லை. ஆறு, எட்டு, பத்து, பதினான்கு முனைகள் கொண்ட தத்தம் சொந்த இணைப்புகளை அவை பயன்படுத்துகின்றன, மேலே சொன்ன நிறங்களையும் முனை ஒழுங்கையும் அவற்றில் நம்ப முடியாது. டெல் ஒப்ரிபிளெக்ஸ் வகைகள் பலவற்றில் பவர் சப்ளையின் பின்புறத்திலேயே ஒரு சிறிய சோதனைப் பொத்தானும் பச்சை விளக்கும் இருக்கும். இணைப்புகளைக் கழற்றிவிட்டு அதை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும்.

யூ.பி.எஸ். மீது விழும் பழி

மின்சாரம் போகும் கணத்தில் கணினியும் நின்றுவிடுகிறது, பற்றரியால் சிறிது நேரம் கணினியை ஓடவைக்கும் யூ.பி.எஸ். வாங்கியும் பயனில்லை என்று சொல்லி வருபவர்கள் உண்டு. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் இந்த முறைப்பாடு எனக்கு ஓயாமல் வந்தது. பற்றரி பலவீனமாக இருப்பதே பெரும்பாலும் காரணம். கணினிக்குப் பதிலாக 60 வாற்று இழை பல்ப் ஒன்றை யூ.பி.எஸ்.இல் எரியவிட்டுச் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பல்ப் நிமிடக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தும் கணினி மட்டும் நின்றுபோனால், பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். சாதாரண யூ.பி.எஸ். சுவர் மின்சாரத்திலிருந்து பற்றரிக்கு மாறுவதற்குச் செக்கனில் நூறில் ஒரு பங்கு வரை எடுக்கும். அந்த இடைவெளியைத் தாண்டிச் செல்வதற்காகவே நல்ல பவர் சப்ளை, முழுச் சுமையிலும் ஏறக்குறைய அதன் ஒன்றரை மடங்கு நேரம் தன் பெரிய கொள்ளளவியில் சேமித்ததைக் கொண்டு தாக்குப்பிடிக்கும்படி அமைக்கப்படுகிறது. கொள்ளளவி முதுமையடைந்தால் அந்தத் தாக்குப்பிடிக்கும் நேரம் சுருங்கிவிடும். மற்ற எல்லா அளவுகளும் சரியாக இருந்துகொண்டே இந்த ஒன்று மட்டும் போயிருக்கலாம். நல்ல யூ.பி.எஸ். ஒன்றைக் குப்பையில் போடுவதற்கு முன், வேறொரு பவர் சப்ளையைப் பூட்டி இச்சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.

எழும்பி உடனே நிற்கும் கணினி

விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும் குறைக்கு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே வழி. ஹாட் டிஸ்க், டிவிடி, கிராஃபிக்ஸ் அட்டை, யூ.எஸ்.பி. சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மதர்போட், புரொசஸர், ஒரேயொரு றாம் ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொடக்க வேண்டும். அப்போது ஓடினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது குற்றவாளி தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்போதும் நின்றால், புரொசஸருக்கு அருகே செருகியிருக்கும் நான்கு அல்லது எட்டு முனை 12 வோல்ற்று இணைப்பை மட்டும் கழற்றிவிட்டுத் தொடக்கவும். இப்போது விசிறி நிற்காமல் சுழன்றால், புரொசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் மதர்போட் குறுஞ்சுற்றாகியிருக்கிறது என்பது ஏறத்தாழ உறுதி. பிளக்கைக் கழற்றி, மதர்போட்டின் அந்தச் சொக்கற்றில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் உரிய முனைகளுக்கு இடையே தடையை அளந்தால் மீற்றர் சுழியத்துக்கு அருகில் காட்டும். இந்த நிலையில் புதிய பவர் சப்ளை வாங்குவது வீண்செலவு. மதர்போட்டில் நிற்கும் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இல்லாமல் புடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தூசியைப் பற்றி ஒரு சொல். ஆவணி, புரட்டாதியில் படிந்த செம்மண் தூசி மாரியின் ஈரத்தில் மின்னைக் கடத்தத் தொடங்கும். பல நாள் பூட்டிக் கிடந்த வகுப்பறைக் கணினிகள் தைமாதம் முதற் தடவை போடும்போது வெடிப்பதற்கு இது ஒரு காரணம், பெட்டிக்குள் புகுந்து செத்த பல்லியும் எறும்பும் இன்னொரு காரணம். போடுவதற்கு முன், பிளக்கைக் கழற்றி, விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, புளோவரால் தூசியை வெளியேற்ற வேண்டும். டயர் கடையின் காற்று வேண்டாம், அதில் தண்ணீர் கலந்து வரும். முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகளில் தூசியைவிட உப்புக்காற்றே கொடியது. இணைப்புகளின் முனைகள் பச்சை படிந்திருந்தால் கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவதாலேயே சில கணினிகள் பிழைத்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானால்

கடைசிச் சான்று, நல்லது என்று தெரிந்த வேறொரு பவர் சப்ளையைப் பூட்டிப் பார்ப்பதே. அயல் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கினாலும் போதும். கழற்றிப் பூட்டக்கூடிய வயர்களைக் கொண்ட பவர் சப்ளை என்றால், அதன் வயர்களை மற்றொன்றில் ஒருபோதும் செருக வேண்டாம். செருகும் வாய் ஒன்றுபோல இருந்தாலும் முனைகளின் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஹாட் டிஸ்க் ஒரே கணத்தில் எரிந்துபோகும்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 500 வாற்று என்ற எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ற்றுக்கு நேரே உள்ள அம்பியரைப் பார்த்து 12ஆல் பெருக்க வேண்டும். 16 அம்பியர் என்றிருந்தால் அது தரக்கூடியது 192 வாற்று. இன்றைய கணினியில் புரொசஸரும் கிராஃபிக்ஸ் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ற்றிலிருந்தே எடுப்பதால், அந்த எண்தான் உண்மையான வலு. கையில் தூக்கிப் பார்த்தால் வெறும் தகரப் பெட்டி போலக் கனமில்லாமல் இருப்பதை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத வீட்டுக் கணினிக்கு, நேர்மையாக 300 வாற்று தருவது தாராளமாகப் போதும்.

புதியதைப் பூட்டிய பின், கணினி ஓடும் நிலையில் மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் மூன்றையும் அளந்து, திகதியோடு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்த முறை அந்தக் கணினி யாருடைய மேசைக்குப் போனாலும், 12.08 என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 11.5 காட்டுகிறதா, அல்லது இன்னும் 12.08ஏ நிற்கிறதா என்று பார்த்தவுடன், பவர் சப்ளையைக் கழற்றுவதா, அதை விட்டுவிட்டு அந்த வீட்டுச் சொக்கற்றைப் பார்க்கப் போவதா என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.